எறியப்பட்ட கல்லின் வரலாறு

கல்லெறியாத சிறுவன் உலகில் இல்லை. மாமரத்துக் காய்க்குக் குறிபார்த்தவனும், குளத்து நீரின்மேல் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிட்டு எண்ணியவனும், கிரிக்கெட் திடலில் எல்லைக் கோட்டிலிருந்து பந்தை விக்கெற்றுக்குச் சரியாக எறிந்தவனும் எறியப்பட்ட பொருளின் இயக்கத்தைக் கையினால் அறிந்தவர்களே. ஆயினும், கை அறிந்ததைக் கருத்து அறிவதற்கு மனித குலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்த நெடிய வரலாற்றினை இம்மலரின் வாசகர்களாகிய இளைஞருக்கும் பெரியோருக்கும் சுருங்கக் கூறுதலே எமது நோக்கமாகும்.

வகுப்பறையில் எழுந்த வினா

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயின்ற எவரும் பின்வருவது போன்ற ஒரு கணக்கைச் சந்தித்திருப்பர். கடற்கரையிலே 19.6 மீற்றர் உயரமான ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்துடன் கிடையாக எறியப்படுகின்றது. அது நிலத்தை அடைய எவ்வளவு நேரம் செல்லும்? கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்?

இக்கணக்கை முதன்முதற் செய்தபோது யாம் தவறினோம். கொடுக்கப்பட்ட வேகம் 15. கொடுக்கப்பட்ட உயரம் 19.6, மனப்பாடஞ் செய்த சமன்பாடு ஒன்று கையில் இருந்தது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவைத்தோம். ஏறக்குறைய ஒரு செக்கன் என விடை வந்தது. கொப்பியில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் விழுந்தது. அது ஏன் தவறு என்பதை யாம் உணர்ந்தது பல நாட் கழித்தே. எமது விடை கணித முறையிற் பிழையானதன்று. ஆனால் அது வேறொரு கல்லுக்குரிய விடை. கிடையாக எறிந்த கல்லுக்கு அன்று, நேரே கீழ்நோக்கி எறிந்த கல்லுக்கு உரிய விடையையே யாம் எழுதியிருந்தோம்.

இது எமக்கு மட்டும் நேர்ந்த இழுக்கு என எண்ணி நாணியிருந்த காலத்தில், இக்கணக்கின் பின்னால் உள்ள வரலாற்றைப் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. பக்கவாட்டு இயக்கத்தையும் கீழ்நோக்கிய இயக்கத்தையும் பிரித்தறிய இயலாது மயங்கியோர் வரிசையிலே உலகத்தின் பேரறிஞர் பலர் நிற்கக் கண்டோம். நாணம் ஆர்வமாயிற்று.

பழையோர் கருத்து

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், இயக்கத்தை இருவகைப்படுத்தினார். கல் நிலத்தை நோக்கி விழுதல் இயற்கை இயக்கம். அதனைப் பக்கவாட்டில் எறிதல் வலிந்த இயக்கம். வலிந்து இயங்கும் பொருளை இயக்குவது எதுவோ, அது அப்பொருளைத் தொட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், கையைவிட்டு நீங்கிய கல்லைத் தொட்டு நிற்பது யாது? கல்லைச் சூழ்ந்த வளியே அதனைத் தொடர்ந்து உந்துகின்றது என்றார் அவர்.

இவ்விடையிற் குறைகண்டவர், கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் என்பவர். வளிதான் கல்லை உந்துமெனில், கல்லைக் கையினால் தொடாமலே அதன் பின்னாலுள்ள வளியைக் கலக்கி அதனைப் பறக்கச் செய்யலாம் அன்றோ? அவ்வாறு நிகழக் காணோமே என அவர் வாதிட்டார். எறிபவன் கல்லினுள்ளே ஓர் ஆற்றலைப் பதித்து விடுகிறான் என்பது அவர் முடிபு. அவரே, எடையில் மிக வேறுபட்ட இரு பொருள்களை ஓர் உயரத்திலிருந்து விட்டால் அவை விழும் நேரங்களிற் பெரிய வேறுபாடு காணப்படாது எனவும் எழுதினார்.

பாரதத்திலும் இவ்வினா எழுந்தது. கணாதர் இயற்றியதாகக் கூறப்படும் வைசேடிக சூத்திரத்திலே அம்பின் இயக்கம் ஆராயப்பட்டுள்ளது. வில்லின் உந்தலால் அம்பின் முதலியக்கம் தோன்றுகிறது. அவ்வியக்கம் அம்பினிடத்தே ஒரு சமஸ்காரத்தை உண்டாக்குகிறது. அச்சமஸ்காரத்தால் அடுத்தடுத்த இயக்கங்கள் நிகழ்கின்றன. அது இல்லாதொழியும்போது குருத்துவத்தால் அம்பு வீழ்கின்றது. இதுவே அந்நூல் கூறும் முறை. வைசேடிகர் இவ்வகைச் சமஸ்காரத்துக்கு இட்ட பெயர் வேகம் என்பது. இன்று எமது பாடநூலிலுள்ள அதே சொல்! இதனைக் காணும்போது மகிழ்ச்சி தோன்றுவது இயல்பு. ஆனால், நவீன பௌதிகம் முழுவதும் எம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என அம்மகிழ்ச்சியிலே கூறிவிடுதல் முறையன்று. சமஸ்காரம் ஒழிந்த பின்னரே குருத்துவம் அம்பை வீழ்த்துகிறது என்பது சூத்திரத்தின் கருத்து. உண்மையில், அம்பு நாணைவிட்டு நீங்கிய கணத்திலிருந்தே அது செயற்படுகின்றது. முன்னோரின் பெருமை அவர்கள் கேட்ட வினாவிலே உள்ளது. எல்லா விடைகளையும் அவர்கள்மேல் ஏற்றுதல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

14ஆம் நூற்றாண்டிலே பாரிஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியர் புரிடான், பதிக்கப்பட்ட ஆற்றல் என்னும் கருத்தை மேலும் வளர்த்தார். கையை எடுத்த பின்னும் சுழலும் சாணைக்கல்லையும், இழுப்பதை நிறுத்திய பின்னும் ஆற்றோட்டத்தை எதிர்த்துச் சிறிது தூரஞ் செல்லும் படகையும் அவர் எடுத்துக்காட்டினார். எனினும் எறியப்பட்ட கல் எந்த வளைகோட்டிற் செல்கின்றது என்னும் வினாவுக்கு எவரும் சரியான விடை கூறவில்லை.

பீரங்கியும் கணிதமும்

அவ்வினாவை அவசரமாக்கியது போர். 1512இல் இத்தாலிய நகரமாகிய பிரேசியாவைப் பிரெஞ்சுப் படைகள் சூறையாடின. தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்களிடையே ஓர் ஏழைச் சிறுவன் இருந்தான். ஒரு போர்வீரனின் வாள் அவன் முகத்தையும் தாடையையும் பிளந்தது. தாயின் பராமரிப்பால் உயிர் தப்பினான்; பேச்சு மட்டும் திக்கியது. திக்குவாயன் எனப் பொருள்படும் தார்த்தாலியா என்ற பெயரையே அவன் தனதாக்கிக்கொண்டு பெருங் கணித மேதையானான்.

1531இல் வெரோனா நகரில் ஒரு பீரங்கி வீரன் அவரிடம் வந்து, குண்டு மிகத் தூரஞ் செல்லப் பீரங்கியை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று கேட்டான். 45 பாகை என்றார் தார்த்தாலியா. பின்னர் இத்துறையை ஆழ்ந்து ஆராய்ந்தவர், அயலானைக் கொல்லும் கலையைத் திருத்துவது இழிவான செயல் என்று மனம் வருந்தித் தம் ஏடுகளை அழித்துவிட்டதாக எழுதுகிறார். துருக்கியரின் படையெடுப்பு அச்சம் வந்தபோது மனம் மாறி, 1537இல் தமது நூலை வெளியிட்டார்.

2009 வரை போர் நடந்த மண்ணிலே பிறந்த எமக்கு இப்பகுதி கனமானது. எறியம் என்ற சொல்லை யாம் பாடநூலிற் கற்றோம். எறிகணை என்ற சொல்லை எம் பெற்றோர் பாடநூலிற் கற்கவில்லை. தார்த்தாலியா ஏடுகளை அழித்ததும் உண்மை. பின்னர் நூலை வெளியிட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி அவர் கண்ட விடைக்கு வருவோம். குண்டு முதலில் நேர்கோட்டிற் செல்லும். அடுத்து வட்டத்தின் ஒரு வில்லாக வளையும். இறுதியில் நேர்கீழே விழும் என்பதே 1537ஆம் ஆண்டு நூலின் படம். வலிந்த இயக்கமும் இயற்கை இயக்கமும் ஒரே நேரத்தில் ஒரு பொருளில் இணைந்திருத்தல் இயலாது என்னும் பழங்கொள்கை அவரைக் கட்டியிருந்தது. ஒன்று முடிந்தாலன்றி மற்றது தொடங்காது என அவர் எண்ணினார். 1546இல் எழுதிய மற்றொரு நூலில், குண்டின் பாதையில் எப்பகுதியும் முழு நேர்கோடு அன்று எனத் தம்மைத் தாமே திருத்திக்கொண்டார்.

மேசையும் உருண்டையும்

முடிச்சை அவிழ்த்தவர் கலிலியோ. 1564இற் பைசா நகரிற் பிறந்த அவர், 1592 முதல் 1610 வரை பதுவாப் பல்கலைக்கழகத்திற் கணிதம் போதித்தார். அக்காலத்தில் அவர் எழுதிய குறிப்பேடுகள் இன்றும் புளோரன்ஸ் நகரத் தேசிய நூலகத்தில் உள்ளன. அவற்றுள் 116 என இலக்கமிட்ட தாளின் பின்பக்கத்தை, அதுவரை அச்சேறாதிருந்த நிலையில், 1973இல் வரலாற்றாசிரியர் ஸ்டில்மன் டிரேக் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். அப்பக்கம் ஏறத்தாழ 1608இல் எழுதப்பட்டதெனக் கருதப்படுகின்றது. ஒரு மேசை, சில வளைகோடுகள், சில எண்கள், அவ்வளவே.

அவ்வெண்கள் கூறும் கதை இது. கலிலியோ ஓர் உருண்டையைச் சாய்தளத்தில் உருளவிட்டார். அது மேசையை அடைந்து, விளிம்பிலிருந்து கிடையாகப் புறப்பட்டு, 828 புள்ளி கீழே இருந்த தரையில் விழுந்தது. புள்ளி என்பது அவர் பயன்படுத்திய அளவு. ஒரு மில்லிமீற்றரிலுஞ் சற்றுக் குறைந்தது. உருண்டையை 300 புள்ளி உயரத்திலிருந்து விட்டபோது அது கிடையாக 800 புள்ளி சென்று விழுந்தது. விடும் உயரத்தை இரட்டித்து 600 ஆக்கினால் என்ன நிகழும்?

சாய்தளத்தில் உருண்டை பெறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகும். மேசையிலிருந்து தரைக்கு விழும் நேரமோ மாறாது. கிடை வேகமும் குறையாது காக்கப்படுமாயின், தூரமும் உயரத்தின் வர்க்கமூலத்தின்படியே வளர்தல் வேண்டும். ஆகவே 600க்கு 1131 வரவேண்டும் எனக் கணித்தார். அளந்தபோது 1172 வந்தது. வேறுபாடு 41 என்று பக்கத்திலே எழுதினார். 800க்கு 1306 எதிர்பார்த்தார், வந்தது 1328, வேறுபாடு 22. 828க்கு 1330 எதிர்பார்த்தார், வந்தது 1340, வேறுபாடு 10. 1000க்கு 1460 எதிர்பார்த்தார், வந்தது 1500, வேறுபாடு 40.

பரிசோதனைச் சாலையில் ஒருநாளேனும் நின்றவர்கள் இவ்வெண்களின் அருமையை உணர்வர். எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கினைத் தாண்டவில்லை. விழும் இயக்கத்தைக் கிடை இயக்கம் தடுக்கவில்லை. கிடை இயக்கத்தை விழும் இயக்கம் குறைக்கவில்லை. ஒன்றையொன்று அறியாத இரு வழிப்போக்கரைப்போல அவை ஒரே கல்லிற் சேர்ந்து பயணஞ் செய்கின்றன.

ஈண்டு இன்னொரு நுட்பமும் உண்டு. உராய்வின்றி வழுக்கிவரும் பொருளாயின் 300 புள்ளி உயரத்துக்கு 997 புள்ளி தூரம் வந்திருக்க வேண்டும். உருளும் உருண்டை, தான் சுழல்வதற்கும் சக்தியைச் செலவிடுவதால், இன்றைய கணிப்பின்படி ஏறத்தாழ 842 வரவேண்டும். வந்தது 800. சுழற்சியின் கணக்கு கலிலியோவின் காலத்தில் எவருக்குந் தெரியாது. அவரோ முதல் அளவை ஆதாரமாகக் கொண்டு மற்றவற்றின் விகிதத்தை மட்டும் ஒப்பிட்டார். அதனால் அவ்வறியாமை அவருடைய முடிவைக் கெடுக்கவில்லை.

சிறிய கணக்கும் பெரிய வழக்கும்

இவ்வுண்மை உலகத்தின் ஒரு பெரிய வழக்கோடு தொடர்புடையதாயிற்று. பூமி சுழல்கின்றது என்ற கொப்பனிக்கசின் கொள்கையை மறுத்தோர் கூறிய வலிய வாதம் யாதெனில், பூமி சுழலுமாயின் கோபுரத்து உச்சியிலிருந்து விடப்பட்ட கல், அது விழுவதற்குள் கோபுரம் நகர்ந்துவிடுவதால், அடியில் விழாது பின்தங்கி விழுதல் வேண்டும் என்பது. கல்லானது பூமியோடு கொண்ட பக்கவாட்டு இயக்கத்தை இழவாமலே விழுகின்றது என்பதுதான் இதற்குரிய விடை. மேசை விளிம்பிலிருந்து விழுந்த உருண்டையின் பாடமும் அதுவே.

1632இல் வெளியான தமது உரையாடல் நூலில் கலிலியோ இதனை விரித்துரைத்தார். கோபுரத்தின்மேற் கிடையாக வைத்த பீரங்கியின் குண்டு, மருந்தின் அளவுக்கேற்ப அண்மையிலோ சேய்மையிலோ விழினும், வெறுமனே கீழே விடப்பட்ட குண்டு நிலத்தை அடையும் அதே நேரத்திலேயே தானும் நிலத்தை அடையும் என்று அங்கே கூறினார். பூமி இயங்குகின்றது என்ற கருத்துக்காக 1633இல் உரோமையில் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். எஞ்சிய வாழ்நாளை வீட்டுக்காவலிற் கழித்தார். 1640இல் பிரெஞ்சு அறிஞர் கசெண்டி, மார்செய் துறைமுகத்தில் விரைந்து செல்லும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லை விடச் செய்து, அது பின்தங்காது பாய்மரத்தின் அடியிலேயே விழுவதைப் பலர் காணக் காட்டினார்.

வீட்டுக்காவலிலிருந்த கிழவர் சும்மா இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதினார். இத்தாலியில் அச்சிட வழியில்லை. நூல் 1638இல் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரில் வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியருக்கு இரு கண்களும் பார்வையிழந்திருந்தன. நான்கு நாள் உரையாடலாக அமைந்த அந்நூலின் நான்காம் நாளே எறியங்களுக்குரியது. மாறாத கிடை இயக்கமும் சீராக ஆர்முடுகும் விழும் இயக்கமும் சேர்ந்தால் பாதை பரவளைவு ஆகும் என அங்கே நிறுவப்பட்டது. அவருடைய மாணவர் கவலியேரி 1632இலேயே இம்முடிவைத் தமது நூலில் வெளியிட்டபோது, நெடுங்கால உழைப்பின் கனியைப் பிறர் முதலிற் பறித்தாரே எனக் கலிலியோ மனம் நொந்ததும், மாணவர் பணிந்து மன்னிப்புக் கோரியதும் வரலாறு.

கணக்கைச் செய்யும் முறை

இப்பொழுது எமது கலங்கரை விளக்கத்துக்கு மீள்வோம். ஒரு தாளை எடுத்து நடுவே ஒரு கோடு வரைக. இடப்பக்கத்திலே கிடை என்றும், வலப்பக்கத்திலே நிலைக்குத்து என்றும் எழுதுக. கொடுக்கப்பட்ட ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய வீட்டிலேயே குடியிருத்தல் வேண்டும். 15 என்பது இடப்பக்கத்துக்கு உரியது. 19.6 என்பதும், ஆர்முடுகலாகிய 9.8 என்பதும் வலப்பக்கத்துக்கு உரியன. எறியும் கணத்தில் நிலைக்குத்து வேகம் பூச்சியம் என்பதைக் கணக்கு வாய்விட்டுச் சொல்லாது. கிடையாக என்ற சொல்லுக்குள் அது மறைந்திருக்கின்றது. அதனையும் வலப்பக்கத்தில் எழுதுக. இதனை எழுத மறப்பவரே எம்மைப்போற் சறுக்குவர்.

முதலில் வலப்பக்கத்தைத் தீர்ப்போம். ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம், ஆர்முடுகலின் அரைவாசியை நேரத்தின் வர்க்கத்தாற் பெருக்கியதாகும். 19.6ஐ 4.9ஆல் வகுக்க 4. அதன் வர்க்கமூலம் 2. எனவே நேரம் 2 செக்கன். கோட்டைக் கடந்து இடப்பக்கம் செல்ல அனுமதியுள்ள கணியம் நேரம் ஒன்றே. 15ஐ 2ஆற் பெருக்க 30. கல் 30 மீற்றர் தூரத்தில் விழும். நிலத்தைத் தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் 19.6, கிடை வேகம் அதே 15. இரண்டையும் பைதகரசின் தேற்றத்தாற் சேர்த்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 24.7 மீற்றர் கிடைக்கும்; திசை கிடையோடு ஏறத்தாழ 53 பாகை சாய்ந்திருக்கும்.

எறியும் வேகத்தை இரட்டித்து 30 ஆக்கினால், தூரம் 60 மீற்றர் ஆகும்; நேரம் அதே 2 செக்கனே. கைதவறி நழுவிய கல்லுக்கும் அதே 2 செக்கனே. இதனை ஐயுறுவோர் இரு நாணயங்களை மேசை விளிம்பில் வைத்து, ஒன்றை விரலாற் சுண்டி, மற்றதை அதே கணத்தில் மெல்லத் தள்ளிவிட்டு, இரண்டும் தரையில் விழும் ஓசையைக் கேட்பாராக. ஒரே ஓசையாகவே கேட்கும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. வளித்தடையை நாம் கணக்கிற் சேர்க்கவில்லை. 1647இல் ஜெனோவாவிலிருந்து ஒருவர், பீரங்கிக் குண்டுகள் கலிலியோவின் கொள்கைக்கு இணங்கவில்லை என அவருடைய மாணவர் தொரிசெல்லிக்கு எழுதி முறையிட்டார். 1742இல் ஆங்கிலேயர் ரொபின்ஸ், விரைந்து செல்லும் குண்டின்மேல் வளி செலுத்தும் தடை மிகப் பெரியது என்று அளந்தே காட்டினார். கலிலியோவும் வளித்தடையை அறியாதவரல்லர். முதலில் அதனை ஒதுக்கிவைத்து எளிய உண்மையைக் காணவேண்டும், பின்னரே திருத்தங்களைச் சேர்க்கவேண்டும் என்பதே அவர் வழி.

மலையுச்சிப் பீரங்கி

மேசை விளிம்பில் தொடங்கிய கதை விண்ணிலே முடிகின்றது. நியூட்டன் மறைந்த மறு ஆண்டாகிய 1728இல் அச்சேறிய அவருடைய நூலொன்றில் ஒரு படம் உண்டு. மிக உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து ஒரு பொருளைக் கிடையாக எறிகிறோம். வேகத்தைக் கூட்டக் கூட்ட அது மேலும் தொலைவில் விழும். பூமியோ உருண்டை. ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரத்துக்கு அதன் பரப்பு 5 மீற்றர் அளவு கீழே வளைகின்றது. விழும் கல்லும் முதற் செக்கனில் 4.9 மீற்றரே விழுகின்றது. ஆகவே செக்கனுக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகத்திற் கிடையாக எறியப்பட்ட பொருள், வளித்தடை இல்லையாயின், விழுந்துகொண்டே இருக்கும். நிலத்தை மட்டும் அடையாது. சந்திரனும் அவ்வாறே விழுந்துகொண்டிருக்கும் ஓர் எறியமாம். 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி சோவியத் நாடு முதலாவது செயற்கைத் துணைக்கோளை ஏவியபோது, நியூட்டன் வரைந்த படம் நிகழ்ச்சியாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து யாம் எமக்கென எடுத்துக்கொண்டது, 116ஆம் தாளில் எழுதப்பட்ட 41, 22, 10, 40 என்னும் நான்கு எண்களாகும். அவை கலிலியோவின் வெற்றியைக் காட்டும் எண்கள் அல்ல. எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இடையிலிருந்த வேறுபாடுகள். எவரும் பாராத தம் சொந்தத் தாளிலே அவர் அவற்றை மறைக்காது எழுதிவைத்தார். அரிஸ்டோட்டில் கூறினார் என்பதற்காக ஏற்கவுமில்லை. தாம் கணித்தது என்பதற்காக அளவைத் திருத்தவுமில்லை.

இளைஞர்களே, சமன்பாட்டை மனனஞ் செய்து பரீட்சையிற் புள்ளி பெறுதல் ஆகாத காரியமன்று. ஆனால், சிவப்புக் கோடு விழும்போது அது ஏன் விழுந்தது எனக் கேளாது விடுவோமாயின், பெற்ற புள்ளியாலும் பெரும்பயன் இல்லை. பெரியோர்களே, தம்பி தங்கையர் ஏன் என்று கேட்கும்போது சற்றுப் பொறுமையோடு செவிசாய்ப்பீர்களாக. இருவர்க்கும் வேண்டிய உபகரணம் ஒரு மேசையும் இரண்டு நாணயங்களுமே. இன்றிரவே செய்து பாருங்கள்.